தொண்ணூற்றொன்பது பேரை விட்டுவிட்டுப் போன குற்றம்

ஒரகடத்தில் கார் கதவுகளுக்குக் கீல் செய்து தரும் கம்பெனி ஒன்று இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், அந்த நோட்டீசின் தலைப்பில் ஒரு வேத வசனமும் இருக்கும். எனக்கு வசனத்தோடு சண்டை இல்லை. அதை லெட்டர்பேடில் அச்சடித்தவர்களோடுதான் சண்டை.

கம்பெனியின் எம்.டி. பரம்பரைப் பணக்காரர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் வெளிநாடு போய்வந்தாலே தொழிலாளிகளுக்கு ஒரு புது விதி வரும். ஜப்பான் போய்விட்டு வந்தபோது தரை முழுக்க மஞ்சள் டேப் ஒட்டி, துடைப்பத்துக்குக்கூட ஒரு கட்டம் ஒதுக்கினார். ஜெர்மனி போய்விட்டு வந்தபோது யார் கழிப்பறையில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று பார்க்க வாசலில் ஒரு ஆளை உட்கார வைத்தார். போன வருடம் சிங்கப்பூரில் 'வேத வழியில் தலைமை' என்ற பயிற்சிக்குப் போனார். முதலாளியாகப் போனவர் ஊழியக்காரராகத் திரும்பி வந்தார்.

இதை அவரே மறுநாள் காலை அசெம்பிளியில் அறிவித்தார்.

"இன்னையிலேருந்து இந்தக் கம்பெனியில நான் தலைவன் கிடையாது. உங்க எல்லாருக்கும் வேலைக்காரன். தலைவன்னா பணிவிடை செய்யறவன். இந்தத் தாழ்மையை நீங்க எல்லாரும் என்கிட்டேருந்து கத்துக்கணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். வெயில் கடுமையாக இருந்ததால் வேலைக்காரருக்கு ஒருவர் குடை பிடித்தார். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். இன்னொருவர் ஓடிப்போய்க் கார் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

அடுத்த வாரமே வேதம் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. எறும்பைப் பார்த்துச் சுறுசுறுப்பைக் கற்றுக்கொள்ளச் சொல்லும் வசனத்தைக் கான்டீன் சுவரில் பெரிதாக எழுதினார்கள். எறும்பு டீ குடிக்க உட்காருவதில்லை என்பதால் டீ நேரம் பாதியானது. ஏழாம் நாள் ஓய்வு என்கிற கட்டளையை ரொம்பவே பயபக்தியோடு எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின்களுக்கு முழு ஓய்வு. தொழிலாளிகள் வந்து, ஓய்வெடுக்கும் மெஷின்களைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

பிரஸ் ஷாப் என்ற அந்த மெஷின் கூடத்தில் பாண்டுரங்கன் என்று ஒரு சீனியர் இருக்கிறார். சேரப்பணஞ்சேரிக்காரர். கம்பெனிக்கு நிலம் கொடுத்த குடும்பம் என்பதால் மற்றவர்கள் மனதுக்குள் கேட்பதை அவர் வாய்விட்டே கேட்பார். ஒரு நாள் காலை அசெம்பிளியில் கேள்வி நேரம் என்று எம்.டி. சொன்னதும் எழுந்து நின்றார்.

"சார், நம்ம ஹவுஸ்கீப்பிங் சொர்ணம்மா ஒரு கதை சொல்லிச்சு. திராட்சைத் தோட்டத்துக்காரரு ஒருத்தரு, காலைல வந்தவனுக்கும் சாயங்காலமா வந்தவனுக்கும் ஒரே கூலி குட்த்தாராமே? இங்க பர்மனென்ட்டும் கான்ட்ராக்ட்டும் ஒரே மெஷின்லதான் நின்னுகினு கீறோம். அந்தக் கதையை நம்ம கம்பெனில கொஞ்சம் ஓட்டிப் பாக்கலாமா?"

எம்.டி.க்குக் கோபமே வரவில்லை. புன்னகை செய்தார். "நல்ல கேள்வி பாண்டுரங்கன். அது பரலோக ராஜ்யத்தைப் பத்தின உவமை. ஒரகடம் இன்னும் அந்த லெவலுக்கு வரலை."

இதற்கும் கை தட்டினார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மந்தைத் திட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஹெச்.ஆர். மேனேஜர் கோபால். நெற்றி நிறைய திருநீறு பூசுகிற மனிதர், ஆனால் எம்.டி. எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுகிறாரோ அந்தப் பக்கம் முன்கூட்டியே விழுந்து கிடப்பார். நூறு ஆடு வைத்திருந்த ஒரு மேய்ப்பன், ஒன்று காணாமல் போனதும் தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போனான், கண்டுபிடித்ததும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான் என்ற உவமையை அவர் ஸ்லைடு போட்டார். அதன்படி லைன் லீடர்கள் எல்லோரும் இனி மேய்ப்பர்கள். ஒவ்வொரு மேய்ப்பருக்கும் நூறு பேர் கொண்ட மந்தை.

எந்த லைனிலும் நூறு பேர் இல்லையே என்று யாரோ சொன்னார்கள். வேதத்தில் நூறு என்றுதான் போட்டிருக்கிறது என்றார் கோபால். பிரஸ் ஷாப்பையும் வெல்டிங்கையும் பேக்கிங்கையும் ஒன்றாகச் சேர்த்து, கான்ட்ராக்ட் ஆட்களையும் உள்ளே தள்ளி, தலையை எண்ணி நூறாக்கினார்கள். மேய்ப்பருக்கு ஒரு பச்சைத் தொப்பியும் ஒரு கோலும் கொடுத்தார்கள். கோல் என்பது பிளம்பிங் கடையில் வாங்கிய பி.வி.சி. பைப். நுனியில் இரண்டு எல்போ மாட்டி வளைத்து, பழுப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதை வைக்கவும் தரையில் மஞ்சள் டேப்பில் ஒரு கட்டம் போட்டாயிற்று.

"இன்னா சார் இது, நேத்து வரைக்கும் ஆளு, இன்னிக்கு ஆடா?" என்றார் பாண்டுரங்கன்.

"ஆடுன்னு யாரும் சொல்லக் கூடாது. மந்தை உறுப்பினர்" என்றார் கோபால்.

பிரஸ் ஷாப் மந்தைக்கு மேய்ப்பராக ஆனவன் இசக்கிதுரை. ஊர் திசையன்விளைப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்து வந்து, வல்லத்தில் ஒரு அறையில் நாலைந்து பேரோடு தங்கியிருக்கிறான். குலதெய்வம் இசக்கியம்மன். பைபிள் கதை ஒன்றும் தெரியாது. கம்பெனியில் இருந்த கிறிஸ்தவர்கள் அந்த ஆட்டுக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். அதைக் கேட்டுவிட்டு யாரும் எழுந்து எங்கேயும் போனதில்லை. இசக்கிதுரை இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டான். தவிர, டிரெய்னிங் ஹாலில் சொன்னதைச் சொன்னபடி செய்யாவிட்டால் மெமோ வரும் என்பது அவன் அனுபவம். போல்ட்டை இப்படி முடுக்கு என்று அங்கே சொன்னால் அப்படித்தான் முடுக்க வேண்டும். ஆட்டைத் தேடு என்று சொன்னால் தேடத்தான் வேண்டும் என்று அவன் எடுத்துக்கொண்டான். எல்லாப் பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

மேய்ப்பர் பயிற்சி ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. ஏ.சி. ஹால், முந்திரி பிஸ்கட். இசக்கிதுரை கையைத் தூக்கி, "ஒரு சந்தேகம் சார். காணாமப் போனா எம்புட்டு நேரம் தேடணும்?" என்று கேட்டான்.

கோபால் இரண்டு கையையும் வானத்தை நோக்கி உயர்த்தினார். "கண்டுபிடிக்கிற வரைக்கும் தம்பி! கண்டுபிடிக்கிற வரைக்கும்!"

அவர் கையை உயர்த்திக்கொண்டு நின்ற அதே நேரத்தில், கீழே மூன்றாம் பிரஸ்ஸில் சந்திரலேகாவின் வலது கை மாட்டியது. எட்டயபுரம் பக்கத்துப் பெண், கான்ட்ராக்டில் வந்தவள். கை உள்ளே இருந்தால் பிரஸ் இறங்காமல் தடுக்க அதில் ஒரு சென்சார் உண்டு. சென்சார் வேலை செய்தால் கீல் குறைவாக வரும் என்பதால் அதன் வயரை முடிந்து வைத்திருந்தார்கள். இது ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். எம்.டி.க்கும் தெரியும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. மற்ற இரண்டு விரல்களும் நசுங்கின.

ஆம்புலன்ஸ் வந்தால் மெயின் கேட்டில் இருக்கும் 'விபத்தில்லா நாட்கள்' பலகையை மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே கான்ட்ராக்டர் எல்லப்பன் தன் வேனைப் பின் கேட்டுக்குக் கொண்டுவந்து அவளை ஏற்றிப் போனான். தரையைக் கழுவினார்கள். லைன் நாலு நிமிடம் நின்றிருக்கும். பேக்கிங்கில் இருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்து மூன்றாம் பிரஸ்ஸில் நிறுத்தினார்கள். பேக்கிங்குக்கு எல்லப்பன் மதியத்துக்குள் புதிதாக ஒரு பெண்ணைக் கொடுத்துவிட்டான்.

இசக்கிதுரை கோலோடு திரும்பிவந்து பார்த்தான். ஆள் மாறியிருந்தது. கேட்டால் யாரும் நிமிர்ந்து முகம் பார்க்கவில்லை. நேராகக் கோபாலிடம் போனான்.

"சார், சந்திரலேகாவைக் காணும்."

"மந்தையை எண்ணினியா?"

"எண்ணினேன் சார்."

"நூறு இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன காணாமப் போச்சு?"

"எண்ணினா சரியாத்தான் இருக்கு. ஆனா ஆளு இல்லியே சார்."

"அது ஊருக்குப் போயிடுச்சுப்பா. நீ விழா வேலையைப் பாரு" என்றார் கோபால்.

விழா என்றது சனிக்கிழமை நடக்கவிருந்த 'நல்ல மேய்ப்பர் தினம்'. எம்.டி. ஒரு ஆட்டுக்குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மெயின் கேட் வழியாக நடந்துவர வேண்டும், பேண்டு வாத்தியம் முழங்க வேண்டும், கம்பெனிப் பத்திரிகைக்குப் படம் எடுக்க வேண்டும். பேண்டுக்காரர்களுக்குக் கோபால் தெளிவாகச் சொல்லியிருந்தார்: தொப்பியும் கோலுமாக மேய்ப்பர், காணாமல் போனதைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்ததும் அடிக்க ஆரம்பித்துவிட வேண்டும்.

சனிக்கிழமை காலை, கை கழுவும் இடத்தில் சொர்ணம்மாள் இசக்கிதுரையை நிறுத்தினாள். படப்பைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை சபைக்குப் போகிறவள், விதவை, கம்பெனியில் தரை துடைக்கிறாள்.

"யப்பா தொர, அந்தப் பொண்ணு ஊருக்குப் போவல. நான்தான் அன்னிக்கு ரத்தத்தைக் கய்வுனேன். வாயத் தொறந்தா வேலை காலின்னு எல்லப்பன் சொல்லிட்டான். நாலு நாளா சோறு எறங்கல எனக்கு. ஸ்ரீபெரும்புதூர்ல ஏதோ லாட்ஜுல வச்சிகீறானாம்."

இசக்கிதுரை குழாயை மூடினான். "அக்கா, அந்தக் கதையில மேய்ப்பன் போகும்போது யார்ட்டயும் பெர்மிஷன் கேட்டானா?"

சொர்ணம்மாள் யோசித்தாள். "கேட்ட மாரி எங்கியும் படிக்கலியேப்பா."

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டான். கோலை மஞ்சள் கட்டத்திலிருந்து எடுத்து பைக்கின் பின்னால் கட்டினான். தேடப் போகும்போது கோல் கையில் இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினான். ஒரு லாட்ஜில் அவன் தொப்பியையும் கோலையும் பார்த்து எந்தக் கட்சி என்று கேட்டார்கள். இன்னொன்றில் ரூம் இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஒரு மாடியில், ஜன்னலே இல்லாத அறையில் சந்திரலேகா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கை வரைக்கும் கட்டு. பக்கத்தில் காய்ந்துபோன இட்லிப் பொட்டலம்.

"அண்ணாச்சி! நீங்க எதுக்கு வந்திய?"

"தேடச் சொல்லிருக்காவல்லா பிள்ள."

"யாரு சொன்னா?"

"கம்பெனியிலதான்."

அவள் அழுதுவிட்டாள். கம்பெனி தன்னைத் தேடி ஆள் அனுப்பியிருக்கிறது என்று நினைத்து அழுதாள். அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். இதை எழுதும்போது எனக்கு வரும் ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஏமாற்றுகிறவனைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடலாம். நல்ல வார்த்தையைக் காட்டி ஏமாற்றுகிறவனை என்னால் முடியாது.

"மிச்ச ரெண்டு வெரலுக்கும் இன்னொரு ஆபரேஷன் பண்ணணுமாம் அண்ணாச்சி. பண்ணலேன்னா மடக்கவே முடியாதாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா எங்க அடிபட்டுச்சுன்னு கேப்பாவ. எல்லப்பன் என் பேர்ல ஈ.எஸ்.ஐ.யே கட்டல. பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லணுமாம். பாத்ரூம்ல வழுக்குனா வெரலா போகும்? எங்க மெஷின்லதான் அடிபட்டுச்சுன்னு கம்பெனி ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டாப் போதும், எங்கையி பொழைச்சிக்கிடும்."

"ஒத்துக்கிடுவாவ. வா" என்றான் இசக்கிதுரை.

அங்கே கம்பெனியில் வேறொரு தேடல் நடந்துகொண்டிருந்தது. விழாவுக்காகச் சேரப்பணஞ்சேரியில் வாடகைக்கு எடுத்த ஆட்டுக்குட்டி இந்த ஊர் ஆடுகளைப் போலச் செம்பட்டை நிறம். எம்.டி.க்கு வெள்ளை வேண்டும். ஆகவே பவுடர் டப்பாக்களைக் கொட்டி அதை வெள்ளையாக்கினார்கள். பவுடர் மூக்கில் ஏறி, குட்டி தும்மிக்கொண்டே பிடியை உதறி ஓடிவிட்டது.

எம்.டி. பதறிப்போனார். ஷாப்பு முழுக்க ஓடும் மெஷின்கள். "எல்லா லைனையும் நிறுத்துங்க! அது வாயில்லா ஜீவன், எங்கேயாவது மாட்டிக்கிட்டா என்ன ஆகும்?" என்றார். பிரஸ் நின்றது, வெல்டிங் நின்றது, கன்வேயர் நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. சீனியர் மேனேஜர்கள் டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, மெஷின்களுக்கு அடியில் மண்டியிட்டு "மே, மே" என்று கத்தினார்கள். கோபால் மூன்றாம் பிரஸ்ஸுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை அந்த இடத்தில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. தொழிலாளிகள் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில் இசக்கிதுரை தொப்பியும் கோலுமாக, பின்னால் சந்திரலேகாவை உட்கார வைத்துக்கொண்டு மெயின் கேட்டுக்குள் நுழைந்தான். பேண்டுக்காரர்கள் பார்த்தார்கள். தொப்பி இருந்தது, கோல் இருந்தது, கூடக் கூட்டிவந்த ஒரு ஜீவனும் இருந்தது. டிரம்மைப் போட்டுத் தாக்கினார்கள். வாத்தியச் சத்தம் கேட்டுக் குட்டி கிடைத்துவிட்டது என்று எம்.டி., கோபால், மேனேஜர்கள், கேமராக்காரர் எல்லோரும் மாலையோடு ஓடிவந்தார்கள்.

"கூட்டிட்டு வந்துட்டேன் சார்" என்றான் இசக்கிதுரை. அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

மாலையைக் கையில் வைத்திருந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "இது இல்லய்யா!" என்று கத்தினார் கோபால். பேண்டு நிற்கக் கொஞ்ச நேரமானது.

எம்.டி. அந்தக் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். கேமரா எங்கே இருக்கிறது என்றும் பார்த்தார். பிறகு மிகுந்த கனிவோடு, "உனக்காக நான் ஜெபிக்கிறேன் மகளே" என்றார்.

"ஜெபம் அப்புறம் பண்ணுங்க சார். உங்க மெஷின்லதான் அடிபட்டுச்சுன்னு சொல்லுங்க. அது போதும்" என்றாள் சந்திரலேகா.

அதற்குள் குட்டி கிடைத்துவிட்டதாக வாக்கி டாக்கியில் தகவல் வந்தது. டிரெய்னிங் ஹாலில் மேய்ப்பர் கையேட்டைத் தின்றுகொண்டிருந்ததாம். எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். குட்டிக்குக் காலில் சிராய்ப்பு. கால்நடை டாக்டரை வரவழைத்து ஊசி போட்டு, கட்டுப் போட்டு, அதன் பிறகு படம் எடுத்தார்கள். சந்திரலேகாவைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

திங்கட்கிழமை இசக்கிதுரைக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. ஷிஃப்ட் நேரத்தில் தொண்ணூற்றொன்பது பேரை அனுமதியின்றி விட்டுவிட்டுப் போனது முதல் குற்றம். கம்பெனிச் சொத்தான கோலை வெளியே எடுத்துப் போனது இரண்டாம் குற்றம்.

விசாரணைக்குச் சென்னையிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். கம்பெனி தரப்பில் கோபால். உடன் தொழிலாளி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதால் இசக்கிதுரையின் பக்கத்தில் பாண்டுரங்கன் உட்கார்ந்தார். சந்திரலேகா சாட்சி. விசாரணை ஜெபத்தோடு ஆரம்பமானது.

"லைனை விட்டுப் போனீங்களா?" என்று கேட்டார் வக்கீல்.

"போனேன் சார்."

"யார் போகச் சொன்னது?"

இசக்கிதுரை கோபாலைக் காட்டினான். "சார்தான். கண்டுபிடிக்கிற வரைக்கும் தேடணும்னு ஹால்ல சொன்னாவ."

கோபால் பொறுமையாக விளக்கினார். "சார், அது ஒரு மைண்ட்செட். போகணும்னு அர்த்தம் இல்லை. போகிற மாதிரி ஒரு மனசு இருக்கணும், அவ்வளவுதான். அந்த மனசோட இடத்தை விட்டு நகராம வேலை செய்யணும்."

வக்கீலுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அந்தக் கதையில மேய்ப்பர், மிச்ச தொண்ணூற்றொன்பதையும் யார்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போனார்?"

கோபால் மேய்ப்பர் கையேட்டைப் புரட்டினார். அதில் அது போட்டிருக்கவில்லை.

"ஹேண்ட் ஓவர் கொடுக்காமலா போனார்? அப்படின்னா முதல்ல நடவடிக்கை எடுக்க வேண்டியது அவர் மேலதான்."

"அவர் மந்தைக்கு ஓனர் சார். ஓனர் போகலாம். லைன் லீடர் போகக் கூடாது" என்றார் கோபால். "இன்னொண்ணும் இருக்கு. அன்னிக்கு எங்க மந்தை எண்ணிக்கை நூறு. ஒண்ணும் காணாமப் போகலை. இவர் இல்லாத ஆட்டைத் தேடிப் போயிருக்கார்."

"இல்லாத ஆடு இதோ குந்திகினு கீது, பாரு சார்" என்றார் பாண்டுரங்கன்.

கோபால் சந்திரலேகாவைத் திரும்பிப் பார்த்தார். கருணையான குரலில்தான் பேசினார். "பாருங்க, ரோட்டுல போற யார் வேணும்னாலும் உள்ள வந்து, எனக்கு இங்கதான் அடிபட்டுச்சுன்னு சொல்லலாம். கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு எங்ககிட்ட பேர் கிடையாது, நம்பர்தான். நம்பர் கைரேகைக்குத்தான் திறக்கும். மனுஷன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது. இந்தப் பொண்ணு அட்டெண்டன்ஸ் மெஷின்ல விரலை வைக்கட்டும். மெஷின் ஒத்துக்கிட்டா நாங்களும் ஒத்துக்கிறோம்."

நியாயமான ஏற்பாடு என்றார் வக்கீல். அட்டெண்டன்ஸ் மெஷினைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து ஒயரைச் சொருகினார்கள். பச்சை விளக்கு எரிந்தது.

"எந்த வெரலு சார்?" என்று கேட்டாள் சந்திரலேகா.

"முதல் நாள் எந்த விரலைப் பதிஞ்சீங்களோ, அது. எல்லாருக்கும் வலது ஆள்காட்டி விரல்தான்."

அவள் கட்டுப் போட்ட கையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அந்த வெரலு உங்க மூணாம் நம்பர் பிரஸ்ஸுக்குள்ளதான் சார் கெடக்கு."

வக்கீல் கோபாலைப் பார்த்தார். கோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். விதி என்றால் விதி. "எங்க இருந்தாலும் சரி. விரல் வச்சாத்தான் ஒத்துக்க முடியும்" என்றார். வக்கீல் குனிந்து ஒரு வரி எழுதி, சத்தமாக வாசித்தார். "மேற்படி பெண் மெஷினில் விரல் வைக்க மறுத்துவிட்டார்."

பாண்டுரங்கன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "வெரலு வந்தா ஒத்துப்பீங்க இல்ல?"

"மெஷின் ஒத்துக்கிட்டா."

"அப்போ கொஞ்சம் இருங்க. தேடிகினு வந்துர்றோம்."

அவர் படியிறங்கி நேராக ஷாப்புக்குப் போனார். இசக்கிதுரை பின்னாலேயே போனான், சந்திரலேகாவும் போனாள். மூன்றாம் பிரஸ்ஸில் இருந்த பெண்ணைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பாண்டுரங்கன் சிவப்பு பட்டனை அழுத்தினார். மெஷின் நின்றது. அவர் மண்டி போட்டு, அடியில் கையை விட்டு, எண்ணெய்ப் பிசுக்கையும் இரும்புச் சீவல்களையும் வழித்து வழித்துத் தரையில் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்.

"இன்னா தேடறே?" என்று பக்கத்து மெஷின்காரர் கேட்டார்.

"இந்தப் பொண்ணோட வெரலு."

பக்கத்து மெஷினும் நின்றது. அவரும் வந்து உட்கார்ந்தார். வெல்டிங்கிலிருந்து வந்தார்கள், பேக்கிங்கிலிருந்து வந்தார்கள். கன்வேயர் நின்றது. பர்மனென்ட், கான்ட்ராக்ட், டிரெய்னி எல்லோரும் தரையில் முழங்காலில் இருந்தார்கள். சொர்ணம்மாள் வந்து கால்வாய் மூடியைக் காட்டி, "நான் இந்தப் பக்கமாத்தான் தண்ணி தள்னேன்" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேர் மூடியைத் தூக்கிவிட்டு, கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினார்கள்.

கோபால் மூச்சிரைக்க ஓடிவந்தார். "யாரு லைனை நிறுத்தினது? எம்.டி. போன்ல இருக்கார், கஸ்டமர் வண்டி வெளியே நிக்குது! எழுந்திருங்க, போய் மெஷினைப் போடுங்க! என்ன பண்றீங்க எல்லாரும்?"

"காணாமப் போனதைத் தேடுதோம் சார்" என்றான் இசக்கிதுரை. தலையை நிமிர்த்தவில்லை.

"எவ்வளவு நேரம் தேடுவீங்க?"

இசக்கிதுரை சீவல்களை வழித்துக்கொண்டே இருந்தான். பதில் கோபாலுக்கே தெரியும், ஹாலில் அவரே சொன்னதுதான். அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு நின்றார். போனுக்குள்ளிருந்து எம்.டி.யின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. சந்திரலேகா இடது கையால் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, அவளும் கீழே உட்கார்ந்தாள். மதிய ஷிஃப்ட் பஸ்கள் வந்து நின்றன. இறங்கி வந்தவர்கள் விஷயத்தைக் கேட்டார்கள், டிபன் டப்பாக்களைச் சுவரோரம் வைத்தார்கள், இடம் கேட்டுத் தரையில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தார்கள்.